உப்புக்காத்து குடிச்ச பெட்டி

தூத்துக்குடிப் பக்கம் ஒரு மீன்பிடித் துறைமுகம். படகைக் கரைக்கு இழுக்குற விஞ்சோட கரண்ட் பெட்டி கடலைப் பாத்தே நிக்கும். பெட்டி சூடாகுதுன்னு எஞ்சினியர் கனகசபாபதி அதுல ஓட்டை போட்டு, வெளிக்காத்தை உள்ள இழுக்குற ஃபேன் மாட்டினாரு. பக்கத்துல நின்னு போட்டோ வேற எடுத்துக்கிட்டாரு.

ஒருநாள் பெட்டி புகைஞ்சு விஞ்சு நின்னுபோச்சு. பாதி ஏறின படகு சறுக்கி, கீழ நின்ன மீனவன் மச்சாதோட காலு நசுங்கிருச்சு.

விசாரிக்கப் பெரிய அதிகாரியம்மா வந்தாங்க. "கிரீஸ் போடுற தொம்மை பெட்டியைத் துடைக்கலை. அவனை வேலையை விட்டுத் தூக்குங்க"ன்னாரு எஞ்சினியர்.

தொம்மை கையைக் கட்டிக்கிட்டுச் சொன்னான்: "தூக்குங்கய்யா. அதுக்கு முன்ன உங்க புதுப் போனோட மூடியைக் கழட்டி இந்தப் பெட்டிக்குள்ள ஒரு வாரம் வைங்க. நான் துடைச்சுத் துடைச்சே காப்பாத்திக் குடுக்குறேன்."

எஞ்சினியர் போனைச் சட்டுனு பையில போட்டாரு. "கிறுக்குப் பயலே! உப்புக்காத்து உள்ள போயிட்டா அப்புறம் துடைச்சு என்னடா ஆகும்?"

சொன்னப்புறம்தான் அவருக்கே உறைச்சுது. அதிகாரியம்மா அவரையே பாத்தாங்க.

"இதை மச்சாதுகிட்டயும் ஒருக்காச் சொல்லிருங்கய்யா"ன்னான் தொம்மை. யாரும் சிரிக்கலை.

இப்ப பெட்டியை இறுக்கி மூடி, உள்காத்தையே குளிரவைக்குற மெஷின் மாட்டிட்டாங்க. தொம்மை வேலையிலதான் இருக்கான். மச்சாதுதான் கம்பு ஊனிக்கிட்டு வர்றான்.