டயர் போட்ட தளம்

புளுகுக்கும் அஸ்திவாரம் வேண்டும். மேஸ்திரி செங்கோடன் தன் புளுகுக்கு லாரி டயரை அஸ்திவாரமாகப் போட்டிருந்தார்.

நாமக்கல் புறவழிச் சாலையை ஒட்டிய சந்தில், டிரைவர்களுக்குச் சோறு போடும் பாவாயியின் மெஸ்ஸுக்குத் தலைக்குமேல் ஓட்டைத் தகரம். ஐப்பசி மழைக்குள் அதைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டாக வேண்டும். யாருக்கு வேலையைக் கொடுப்பது என்பதுதான் அவள் கவலை. தப்பான ஆளிடம் கொடுத்தால் சாம்பாரில் விழப்போவது கறிவேப்பிலை அல்ல, கூரை.

"ஏனுங்க்கா, ரீட்ரேடிங் பட்டறையில டயரைச் சுரண்டிக் குமிச்சிருக்காங்கல்ல? அந்தத் தூளை மணல்ல ஒரு பங்குக்குப் பதிலாக் கலந்து, டயருக்குள்ள இருக்கிற நாரையும் பிச்சுப் போட்டா, தளம் லேசுல வெடிக்காதுங்க. நாரு இழுத்துப் பிடிச்சுக்கும்," என்றார் செங்கோடன், சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்தபடி.

இதுவரை உண்மை. பாவாயியும் கேள்விப்பட்டதுதான். ஆனால் உண்மையோடு நிறுத்திக்கொள்ளும் கெட்ட பழக்கம் செங்கோடனுக்கு இல்லை.

"பரமத்திப் பக்கம் ஒரு களத்துக்குப் போட்டேன். தேங்கா ஒண்ணு விழுந்துச்சுங்க. எகிறி மரத்துக்கே போயி, பழைய காம்பைத் தேடி ஒட்டிக்கிச்சு."

எதிர் இலையில் டிரைவர் சடையப்பன் கையை நிறுத்தினார். "தேங்கா ஒட்டுச்சு, சரி. மரமேறி?"

"அடுத்து விழுந்தது அவன்தாங்க. எகிறிப் பக்கத்துத் தோட்டத்து மரத்துக்குப் போயிட்டான். இப்ப அங்கதான் வேலை பார்க்கறான்."

"அடேங்கப்பா!"

"இதுக்கேவா? ஒரு டோல்கேட்டுக்கு முன்னால வேகத்தடை போட்டேன். லோடு லாரி ஏறுச்சு. எகிறி, கேட்டுக்கு அந்தாண்ட போயி இறங்குச்சு. அன்னையில இருந்து டோல்காரன் வானத்தைப் பார்த்துக் கையை நீட்டிக்கிட்டு நிக்கறான்."

மெஸ் சிரித்தது. சிரிப்பு கேட்டதும் செங்கோடனுக்குக் கியர் மாறியது.

"எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. காலமெல்லாம் வடக்க ஓடின டயரை அரைச்சு ஒரு வீட்டுக்குப் போட்டேன். விடிஞ்சு பார்த்தா வீட்டைக் காணோம்! ஐதராபாத் ரோட்டுல போயிக்கிட்டிருக்கு. செக்போஸ்ட்டுக்குச் செக்போஸ்ட்டு தானா நிக்குது. ஜன்னல் தானாத் திறக்குது. மடிச்ச நோட்டு ஒண்ணு வெளிய நீளுது."

"வீட்டுக்காரர்?"

"உள்ள தூங்கறாருங்க. டயர் போட்ட வீடு, குலுங்குமா? லோடு இறக்கிட்டு ஊர் திரும்பி, அதே அஸ்திவாரத்துல ரிவர்ஸ்ல வந்து நின்னுச்சு. டயர் எங்க போனாலும் புறப்பட்ட இடத்துக்கு வந்துருமுங்க்கா."

சடையப்பன் இலையில் ஓங்கித் தட்டினார். "இது புளுகு! கிளீனர் இல்லாம ரிவர்ஸா?"

"வாசப்படி கீழ இறங்கி நின்னு, 'வரட்டும்... வரட்டும்'னு தட்டுச்சுங்க."

சடையப்பனே கும்பிடு போட்டுவிட்டார். "அக்கா, வேலையை இவருக்கே குடுத்துருங்க. தளம் நிக்குதோ இல்லையோ, பொழுது போகும்."

எல்லோரும் பாவாயியைப் பார்த்தார்கள். அவள் அவசரப்படாமல் செங்கோடனின் இலையில் மோர் ஊற்றினாள்.

"ஏனுங் மேஸ்திரி, போன வருசம் இந்தச் சந்துக்குக் கான்கிரீட் போட்டது நீங்கதான?"

"நானேதாங்க. அதுலயும் டயர்தான்!"

"முதல் மழைக்கே போயிருச்சுங்களே. இன்னும் திரும்பி வரலையே?"

மோர் இலையைவிட்டு ஓடியது. செங்கோடன் அதைத் தடுக்கவில்லை. ஆனாலும் பிறவிக் குணம் விடுமா?

"லாங் ட்ரிப்புங்க்கா. ஆயுத பூசைக்கு எலுமிச்சம்பழம் நசுக்கணுமில்ல, தானா வந்துரும்."

பாவாயி மோர்ச் சொம்பால் தகரக் கதவை டொம் டொம்மென்று தட்டினாள், கிளீனர் லாரியைத் தட்டுவதுபோல.

"வரட்டும்... வரட்டும். அது வந்து சேர்ந்ததும் தளத்தைப் பத்திப் பேசிக்கலாம். போறப்பப் பார்த்துப் போங்க மேஸ்திரி, வாசல்ல குழி."