கோமதிநாயகத்தின் முதுகு

மடத்தில் இருக்கிறவர்களுக்குப் பொறாமை வராது என்று யாராவது சொன்னால், அவர்கள் எந்த மடத்திலும் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை என்று அர்த்தம்.

பாபநாசத்துக்குக் கீழே, ஆற்றோரத்தில் உலகம்மை அம்மாவின் மடம். அம்மாவுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய மூத்த சீடர் ஆவுடையப்பனுக்கோ அறுபது தாண்டிவிட்டது. பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்று, வீட்டைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வந்தவர். மடத்துச் சமையல் அவர் பொறுப்பு. அம்மா அவரை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார். மரியாதைதான். அந்த மரியாதையே கொஞ்ச நாளாக அவருக்குக் கசந்தது.

காரணம் கோமதிநாயகம்.

போன கார்த்திகையில் வந்து சேர்ந்த பையன். முப்பது வயது இருக்கும். அவன் உடம்பில் சிவந்த கட்டிகள் கொத்துக் கொத்தாகப் புறப்படும். சில உடைந்து புண்ணாகும். சில வாரங்களில் தானாகவே காய்ந்து தழும்பாகும். அப்பாடா என்று உட்காருவதற்குள் வேறொரு கொத்து கிளம்பும். சங்கரன்கோவில் புற்றுமண்ணையும் பூசிப் பார்த்தாயிற்று. கடைசியில் அம்மாதான் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள்.

"மைக்ராஸ்கோப்ல பார்த்தா புற்றுநோய் மாதிரியேதான் இருக்கு," என்றார் டாக்டர். "ஆளைப் பார்த்தா அப்படி இல்ல. இது வரும், தானா போகும், மறுபடி வரும். பெரும்பாலும் உயிருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா சில பேருக்கு நிஜமான புற்றுநோயும் சேர்ந்து வரலாம். ஆயுசு முழுக்கக் கவனிச்சுக்கிட்டே இருக்கணும். போகாம நின்னு வளர்ற கட்டி தெரிஞ்சா உடனே கூட்டிட்டு வாங்க."

நோய்க்கு லிம்ஃபோமடாய்டு பாப்புலோசிஸ் என்று பெயராம். அந்தப் பெயரின் மேலேயே ஆவுடையப்பனுக்குப் பொறாமை. இத்தனை வயதில் அவருக்கு வந்ததெல்லாம் வாயுப்பிடிப்பும் சேற்றுப்புண்ணும்தான். அதை யார் உட்கார்ந்து விசாரிப்பார்கள்?

அன்றிலிருந்து, வெயில் சாய்வதற்கு முன் அம்மா கோமதிநாயகத்தை முற்றத்தில் உட்கார வைத்து, கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "இது எப்பம்டா வந்துச்சு? அரிக்கா?" என்பார். அடுக்களையில் புளியைக் கரைத்துக்கொண்டே ஆவுடையப்பன் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த "டா" காதில் விழும்போதெல்லாம் வயிறு எரியும். முன்னே வந்த காதைப் பின்னே வந்த கொம்பு மறைத்தது என்பது சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். அன்றைக்கு ரசத்தில் உப்பு தூக்கலாக இருக்கும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"அம்மா, நானும் இங்கதான் இருக்கேன்."

"தெரியுமே, அண்ணாச்சி."

"எப்படி இருக்கியன்னு என்னை ஒரு நாளாவது கேட்டதுண்டா?"

அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"நாளைலேருந்து தம்பி முதுகை நீங்க பாருங்க. கையும் காலும் நான் பாத்துக்கிடுதேன். முதுகுப் பக்கம் நான் பாக்கதுக்கு அவன் கூச்சப்படுதான்."

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. தனக்குத் தண்டனை கொடுத்துவிட்டார் என்றே ஆவுடையப்பன் நினைத்தார். ஆனாலும் குருவின் வார்த்தை. தட்ட முடியாது.

மறுநாள் காலையில் ஆற்றில் குளித்துவிட்டு வந்து, கோமதிநாயகம் வெறும் முதுகைக் காட்டி நின்றான். ஆவுடையப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கழுத்திலிருந்து ஆரம்பித்தார். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்த ஆள். போதாததற்குப் பொறாமை வேறு. எது புதியது, எது காய்கிறது, எது உடையப் போகிறது என்று கொஞ்ச நாளிலேயே அந்த முதுகு அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

"அம்மா உங்ககிட்ட எவ்வளவு மரியாதையா பேசுதாங்க, அண்ணாச்சி," என்றான் கோமதிநாயகம் ஒரு காலையில். "என்கிட்ட உடம்பைத் தவிர வேற எதையும் பேசதில்ல."

நக்கல் பண்ணுகிறான் என்று ஆவுடையப்பன் எடுத்துக்கொண்டார்.

பார்த்து முடிக்கிற நேரத்தில் அவன் தினமும் ஒரு கேள்வி கேட்பான்.

"எப்படி இருக்கு, அண்ணாச்சி?"

கேட்கும்போதே தோள் இறுகும். பதில் வரும்வரை மூச்சு விடமாட்டான். ஆவுடையப்பன் இதைக் கண்டுகொண்டார். கண்டுகொண்டதும் பதிலைத் தாமதப்படுத்த ஆரம்பித்தார். "ம்ம்..." என்று இழுப்பார். குனிந்து பார்ப்பார். கண்ணாடியைக் கழற்றித் திரும்பவும் துடைப்பார். அதற்கப்புறம்தான் "ஒண்ணுமில்ல தம்பி" என்பார். பாவம் அந்தப் பையன், அதுவரை தவித்துப்போய் நிற்பான். இவருக்கோ அது இனித்தது. வெட்கமாக இருந்தது, இருந்தாலும் இனித்தது.

மாசி பிறந்தது. வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு கட்டி. அதோடு புறப்பட்டவையெல்லாம் காய்ந்து தழும்பாகிவிட்டன. இது மட்டும் நின்றுவிட்டது. நேற்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது. இன்று சந்தேகத்துக்கு இடமில்லை. நெல்லிக்காய் அளவுக்கு வந்திருந்தது. விரலை வைத்துப் பார்த்தார். கெட்டியாக இருந்தது.

ஆவுடையப்பனின் மனசு துள்ளியது.

துள்ளியதுதான். வேறு வார்த்தை போட்டு அதை மூடி மறைக்க முடியாது. இவன் போய்விட்டால் முற்றத்தில் அவன் இடம் காலி, அம்மா இனி நம் பக்கம் திரும்புவார் என்று மனசு எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டது. அதன் பிறகுதான் தான் என்ன யோசித்தோம் என்பதே அவருக்கு உறைத்தது. கட்டியின் மேல் இருந்த விரலை எடுத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு, அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல தம்பி. சட்டையைப் போடு."

கோமதிநாயகம் சிரித்துக்கொண்டே திரும்பினான்.

"இன்னைக்கு உடனே சொல்லிட்டியளே! தினமும் இப்படிச் சொன்னா எவ்வளவு நல்லா இருக்கும்!"

ஆவுடையப்பனுக்குச் சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. அடுக்களைக்குப் போனார். உலை கொதித்துக்கொண்டிருந்தது. களைந்து வைத்த அரிசி அப்படியே இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அம்மாவைத் தேடிப் போனார்.

அம்மா பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, தம்பி முதுகில ஒண்ணு போகாம நிக்கு. பெருசாவும் ஆயிருக்கு."

பிழிந்த துணியோடு அம்மாவின் கை அப்படியே நின்றது.

"அவன்கிட்ட சொன்னியளா?"

"இல்ல. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

ஆவுடையப்பன் அழுதுவிட்டார். "அதைப் பாத்ததும் எனக்குச் சந்தோஷம் வந்துச்சும்மா. சந்தோஷம்! அடுத்தவன் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சு சந்தோஷப்பட்டிருக்கேன். இந்த மனசை வச்சுக்கிட்டு அவன் முகத்தில எப்படி முழிப்பேன்? இங்க இருக்க எனக்குத் தகுதியில்ல. என்னைப் போகச் சொல்லிடுங்க."

அம்மா அவரை அழ விட்டார். பிறகு கேட்டார்.

"அந்தச் சந்தோஷம் இப்பம் இருக்கா?"

ஆவுடையப்பன் உள்ளே தேடிப் பார்த்தார்.

"இல்லம்மா."

"மறுபடி வருமா?"

பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. "வந்தாலும் வரும்."

"கட்டி?"

"அது அங்கயேதான் இருக்கு."

அம்மா துணியை உதறிக் கொடியில் போட்டார்.

"அப்பம் இருக்கதை முதல்ல பாப்போம். ஆட்டோவைக் கூப்பிடுங்க. நீங்களும் கூட ஏறுங்க, அண்ணாச்சி. எது வந்து போனது, எது போகாம நிக்குன்னு டாக்டர் கேட்டா, சொல்லுததுக்கு உங்களை விட்டா ஆளில்ல."