வெற்றிலை வாங்கிய வைத்தியர்

இந்தக் கதையை நான் பல வருஷங்களாக நம்பாமலே வைத்திருந்தேன். சொன்னவர் நாட்டு மருந்துக்கடை இருளப்பன். மூட்டுவலிக்குத் தைலம் கேட்டால் தைலத்தோடு ஒரு கதையையும் கட்டிக் கொடுப்பார்.

வெண்குன்ற நாட்டைக் கோளரி என்றொரு அரசன் ஒருகாலத்தில் ஆண்டுவந்தான். காலையில் ஒரு சட்டம் போடுவான். மதியச் சாப்பாடு ருசித்தால் அதை மாற்றிவிடுவான். அந்த நாட்டில் ஒரு வழக்கம். வைத்தியத்துக்கு முன்னால் நோயாளி வைத்தியர் கையில் வெற்றிலை வைக்கவேண்டும். வைத்துவிட்டால், பிறகு என்ன நடந்தாலும் விதி. வாய் திறக்கக்கூடாது.

மாசாத்தி செங்கல் சூளையில் மண் மிதிக்கிறவள். இடது காலில் ஆறாத புண். சேறு படிந்த காலோடு வந்து, அரண்மனை வைத்தியர் மருதப் பண்டிதர் கையில் வெற்றிலை வைத்தாள். "இடது கால் சாமி" என்று சொல்லிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கூலிக்காரி காலைக் கழுவிப் பார்ப்பது பண்டிதருக்குக் கௌரவக் குறைச்சல். எதிரே உட்கார்ந்திருந்தவர், தம் இடது கைப்பக்கம் இருந்த காலில் பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்தார். அது அவளுடைய வலது கால்.

இரண்டு காலும் ஊன்ற முடியாமல் போனால் மண் மிதிப்பது எப்படி? அடுப்பு எரிவது எப்படி? மூங்கிலை ஊன்றிக்கொண்டு அரசவைக்குப் போனாள். வெற்றிலை வைத்தவள் பேசலாமா என்ற பயம் வழியெல்லாம் அவளைத் தின்றது.

பண்டிதரும் அதையேதான் பிடித்துக்கொண்டார். வீங்கிய கன்னத்தில் கிராம்பை அடக்கியபடி, "வெற்றிலை வைத்தாயா இல்லையா?" என்றார்.

"வைத்தேன் சாமி."

"முடிந்தது. விதி."

அமைச்சர் பூதனார் எழுந்தார். "அரசே, இதில் விதியைவிடப் பண்டிதரின் பங்கு கொஞ்சம் அதிகம்போல் தெரிகிறது."

"அமைச்சருக்கு என் பெயரைக் கேட்டாலே வயிற்றெரிச்சல்" என்றார் பண்டிதர்.

"அதற்கும் உம்மிடமா மருந்துக்கு வருவது? பயமாக இருக்கிறதே."

அரசனுக்கு இந்தச் சண்டை பிடித்துப்போயிற்று. "பூதனாரே, தவறு தம்முடையது என்று பண்டிதர் வாயாலேயே வரவேண்டும். வராவிட்டால் நாளை முதல் சூளையில் இவளுக்குப் பதில் நீர் மண் மிதிக்கவேண்டும்" என்றான்.

மாசாத்திக்குத் திக்கென்றது. தன்னால் ஒரு பெரிய மனிதர் சேற்றில் இறங்கவா?

பூதனார் பல் பிடுங்கும் நாவிதரை அழைத்துவரச் சொல்லி, அவர் காதில் ஏதோ சொன்னார். பிறகு பண்டிதரிடம், "கன்னத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அந்தச் சொத்தைப் பல்லை இங்கேயே எடுத்துவிடலாம். வெற்றிலை வையும்" என்றார்.

பல்வலி பண்டிதரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. வைத்துவிட்டார். நாவிதர் இரும்புக் குறட்டை எடுத்துக்கொண்டு வீங்காத பக்கம் போனார்.

"அந்தப் பக்கம் இல்லையடா!"

நாவிதர் காது கேளாதவர் போலக் குறட்டை வாய்க்குள் கொண்டுபோனார். பண்டிதர் அவர் கையைத் தட்டிவிட்டார். "கண் எங்கே வைத்திருக்கிறாய்? பார்த்துப் பிடுங்கமாட்டாயா?"

"வெற்றிலை வைத்தீரே. எந்தப் பல் வந்தாலும் விதிதானே?" என்றார் பூதனார்.

"பிடுங்கியபின் ரத்தம் நிற்காவிட்டால் அது விதி. நல்ல பல்லைப் பிடுங்கினால் அது பிடுங்குகிறவன் தவறு. இதுகூடவா தெரியாது?"

சொன்னது என்னவென்று பண்டிதருக்கே அப்போதுதான் உறைத்தது. தலை தானாகக் குனிந்தது. அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"தீர்ப்பைப் பண்டிதரே சொல்லிவிட்டார். இவள் கால் ஆறும்வரை வீட்டுச் செலவு அவருடையது. வைத்தியமும் அவரே செய்யட்டும்."

மாசாத்தி முதல்முறையாக நிமிர்ந்தாள். "செலவு அவருடையதாக இருக்கட்டும் மகாராஜா. கை வேறு யாருடையதாவது இருக்கட்டும்."

அரசன் மறுபடி சிரித்தான். அவள் விரும்பிய வைத்தியரையே வைத்துக்கொள்ளச் சொன்னான். இனி வெற்றிலை வைத்தவரும் முறையிடலாம், வேறு வைத்தியர்கள் வந்து காயத்தைப் பார்த்து விதியா தவறா என்று சொல்லவேண்டும் என்று சட்டமும் போட்டான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் அதை மாற்றவில்லை. பூதனாருக்குப் பொற்பதக்கம் கிடைத்தது. மாசாத்திக்கு இரண்டு காலும் ஆறின. மழைக்காலம் முடிந்து சூளை மூட்டியபோது அவளே மண் மிதித்தாள்.

போன வாரம் தைலம் வாங்கப் போனபோதுதான் இருளப்பனிடம் கேட்டேன்: "அண்ணாச்சி, அன்றைக்கு அந்த அரசனுக்குச் சிரிப்பு வராமல் போயிருந்தால் மாசாத்தியின் நியாயம் என்ன ஆகியிருக்கும்?"