வளைவில் உடைகிற பிளேடு

“மறுபடியும் ஒடைஞ்சிருச்சுங்க அம்மிணி.”

சென்னியப்பன் இரண்டாய் முறிந்த பிளேடை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். நூல் மாதிரி மெல்லிசு. மேலும் கீழுமாக ஓடி மரத்தை வளைத்து வளைத்து அறுக்கும் ஸ்க்ரோல் ரம்பத்தில் மாட்டுவது.

கோகிலவாணி வாங்கிப் பார்த்தாள். மரப் பொம்மைப் பட்டறை அவளுடையது. வயதில் அவருக்கு மகள் போல. பட்டறைக்குள் அவள்தான் குரு.

“எங்க ஒடைஞ்சுது?”

“வளைவுலதாங்க. நேரா போறப்ப ஒண்ணுமில்ல.”

“போன தடவை?”

“அதுவும் வளைவுலதான்.”

அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

மனைவி மயிலாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிருந்தது. ஒரு படத்தைத் துண்டு துண்டாக்கி, கோத்துச் சேர்க்கக் கொடுங்கள், கையும் பேச்சும் மெல்ல வரும், முதல் சில மாதம்தான் முக்கியம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ‘சில மாதம்’ சென்னியப்பனைத் தூங்கவிடவில்லை. கடையில் விற்கும் அட்டைத் துண்டுகள் அவள் விரலில் நிற்கவில்லை. பெரிதாக, மரத்தில், தானே செய்துவிடுவதென்று கிளம்பி வந்த மனிதர்.

“பிளேடு மட்டமா இருக்குமோ?”

அவள் தடிமனான பிளேடு ஒன்றைக் கொடுத்தாள். அது உடையவில்லை. வளைவில் திரும்பவும் இல்லை. மரம் கருகிப் புகைந்தது.

“இழுத்துக் கட்டினது பத்தலையோ?”

பழையபடி மெல்லிய பிளேடை மாட்டி, விரலால் சுண்டினாள். டிங்கென்றது.

“சரியாத்தான் இருக்கு.”

“அப்ப மெஷின் கோளாறுதான்.”

பிளேடு மேல் பழி போட்டாயிற்று, மெஷின் மேலும் போட்டாயிற்று. மரம் ஒன்றுதான் பாக்கி.

“அண்ணா, நீங்க பஸ்ஸு ஓட்டினவருதானே?”

“காலமெல்லாம் அதுதானுங்க. திம்பம் மலையில அத்தன கொண்டை ஊசி வளைவும் அத்துப்படி.” இத்தனை சங்கடத்திலும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

“வளைவுல எப்படித் திருப்புவீங்க?”

“ஸ்டேரிங்க ஒடிச்சுக்கிட்டே முன்னால போவணும். நகராம எந்த வண்டி திரும்பும்?”

“உக்காருங்க.”

உட்கார்ந்தார். ரம்பம் ஓடியது. பலகை கோட்டின் மேலேயே போய் வளைவைத் தொட்டது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளப் போனார்.

எதிர்ப்பக்கம் நின்ற கோகிலவாணி பலகையின் விளிம்பைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

“இப்பத் திருப்புங்க.”

“நகர விடமாட்டேங்கறீங்களே அம்மிணி!”

“திருப்புங்க.”

“மெஷினையாவது நிறுத்தட்டுங்களா?”

“ஓடட்டும்.”

வேறு வழியில்லாமல் திருப்பினார்.

பிளேடு நின்ற இடத்திலேயே ஓடியது. கொஞ்சம் தூள் உதிர்ந்தது. தனக்கு வேண்டிய இடத்தை அதுவே அரித்துக்கொண்டது. பலகை அதைச் சுற்றி மெல்ல வந்தது.

“எவ்வளவு நேரங்க இப்படியே நிக்கறது?”

“அது பிளேடுக்குத்தான் தெரியும்.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வளைவில் சென்னியப்பன் ஒரு பிளேடை உடைத்தார். அதற்கடுத்த வளைவில் உடைக்கவில்லை.

பொழுது சாய வீட்டுக்குப் போனார். ரசம் வைத்தார். சோற்றைக் குழையப் பிசைந்து தட்டை மயிலாத்தா முன்னால் வைத்தார். பக்கத்தில், அதுவரை அறுத்து முடித்த சில மரத்துண்டுகள்.

அவள் துண்டுகளைத் தொடவில்லை. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அவரைப் பார்த்தாள்.

“உ...”

நாக்கு அங்கேயே நின்றுவிட்டது.

உடம்பு நோவுதா, உறக்கம் வருதா, உள்ள போலாமா என்று எப்போதும் அவர்தான் வரிசையாக எடுத்துக்கொடுப்பார். அவள் எதற்கும் தலையாட்டமாட்டாள். வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பாள்.

இன்றைக்கும் எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

வாயை மூடிக்கொண்டார்.

“உ... உ...”

அவள் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கோத்தது. அவருக்கு ஒரே பயம். இருந்த இடத்திலேயே இருந்தார்.

“உப்பே போடல,” என்றாள் மயிலாத்தா.