நாவல் மரத்துக்குப் போட்ட மாலை

இந்தக் கதையைப் பல வருடங்களாக என்னால் நம்ப முடிந்ததில்லை. ஒரு படம் ஒரு காட்டைக் காப்பாற்றியது என்பது சொல்கிறவருக்கும் இனிக்கும், கேட்கிறவருக்கும் இனிக்கும். சந்தேகம் வர அது போதும். சொன்னவர் மாசிலாமணி. வனக்காவலர் வேலையை விட்டுவிட்டு, ஐம்பத்து நான்காம் வயதில் செங்கமலத்திடம் சீடராகச் சேர்ந்து படம் எடுக்கக் கற்றவர்.

செங்கமலம் மலையடிவாரத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். சீடரைவிடப் பதினைந்து வயது இளையவர். மாசிலாமணி அவரை டீச்சர் என்பார். அவர் மாசிலாமணியை அண்ணே என்பார்.

மாசிலாமணி சேர்ந்த மூன்றாம் வருடம், ஊற்றங்கரைச் சரிவிலிருந்த காட்டை வெட்டிக்கொள்ள ஒரு மரக்கம்பெனி ஊரின் சம்மதம் கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம். தலைவர் பொன்னம்பலம் கையெழுத்துப் போட்டால் மறுவாரமே ரம்பம் வந்துவிடும்.

மாசிலாமணி இரண்டு வருடம் அலைந்து, பக்கத்து மலைகளில் மொட்டையாகிப் போன காடுகளைப் படம் எடுத்திருந்தார். நாற்பது படம். எல்லாவற்றையும் டீக்கடைச் சுவரில் ஒட்டினார். டீ ஆறும்வரை பார்த்தார்கள். பாவம்தான் என்றார்கள். அத்தனை விறகும் யார் வீட்டுக்குப் போனது என்று ஒருவர் விசாரித்தார்.

அன்று சாயங்காலம் மாசிலாமணி ஸ்டூடியோவுக்கு வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், என் படத்துல என்ன குறை?"

செங்கமலம் மறுநாள் காலை கேமராவோடு சரிவுக்குப் போனார். ஊற்றை ஒட்டி நின்ற நாவல் மரத்தை ஒரே ஒரு படம் எடுத்தார். அதன் பழத்தால் சட்டையைக் கறையாக்கி வீட்டில் அடி வாங்காதவர் அந்த ஊரில் கிடையாது.

படத்தைப் பெரிதாகப் போட்டுச் சட்டம் அடித்தார். கண்ணாடிமேல் சந்தனம், குங்குமம். சம்பங்கி மாலை. செத்தவர் படத்துக்கு எழுதுவதுபோலவே கீழே எழுதினார். தோற்றம்: தெரியாது. மறைவு: அதற்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. வாசலில் மாட்டினார்.

சந்தைக்கு வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். எப்போது போயிற்று என்று கேட்டார்கள். பதிலுக்கு நிற்காமல் சரிவுக்கே ஓடினார்கள். மரம் நின்றது. பல வருடமாக அந்தப் பக்கம் போகாதவர்கள்கூட அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

வியாழக்கிழமை பொன்னம்பலம் கோபமாக வந்தார்.

"உசுரோட இருக்கறதுக்கு மாலை போடலாமா? ஊருக்கே ஆகாதும்மா."

"தேதி மட்டும் பாக்கி தலைவரே." செங்கமலம் பிரஷை நீட்டினார். "உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே எழுதிடுங்க."

பொன்னம்பலம் பிரஷை வாங்கி வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, எம்பி மாலையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெள்ளிக்கிழமை அவர் கையெழுத்துப் போடவில்லை.

மாசிலாமணிக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. என்னுடைய நாற்பது படமும் உண்மைதானே என்றார்.

"உண்மைதாண்ணே. ஆனா அதுல எல்லாம் முடிஞ்சு போச்சே. பார்க்கறவனுக்கு என்ன வேலை வச்சீங்க?"



இதை அவர் கடைசியாகச் சொன்னபோது அவருக்கு எழுபது வயது. ஆதாரம் கேட்கத்தான் நான் அவரைத் தேடிப் போனேன். கேள்விகளெல்லாம் தயாராக இருந்தன. வாயில் வந்தது வேறு.

"ஐயா, அந்த நாவல் மரத்துக்கு எந்தப் பக்கமா போகணும்?"