துரை மறைக்கப் பார்த்த வீடு

ஒரு ஊர்ல ஒரு துரை இருந்தாரு. இங்கிலாந்துல. பேரு ஆர்ச்சிபால்டு. அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கே தூக்கம் வந்துடும், துரைன்னே வச்சுக்குவோம். ம் சொல்லு.

அவருக்கு அரண்மனை மாதிரி வீடு. அதைச் சுத்தித் தோட்டம் வேணும்னாரு. எப்படித் தோட்டம்? மனுஷன் கையே படாம தானா முளைச்ச மாதிரி இருக்கணுமாம்! அப்புறம் என்ன, அதைத் தானா முளைக்க வைக்க ஊரே மம்பட்டியும் கூடையுமா வந்து நின்னுச்சு. சிரிக்காதே, பெரிய மனுஷங்கன்னா அப்படித்தான்.

ஆனா துரை ஜன்னலைத் திறந்தா நேர் எதிர்ல ஒரு குட்டிக் கூரை வீடு. வாத்து வளர்க்கிற பெட்ஸி அதுல தனியா இருந்தா. நிலம் துரையோடது. "அந்த வீடு என் கண்ணுல படக்கூடாது. மறைக்க முடியலேன்னா இடிச்சுடு"ன்னு தோட்ட மேஸ்திரிகிட்ட சொல்லிட்டாரு. பெட்ஸிக்கோ அது பொறந்த வீடு, வேற போக்கிடமும் இல்ல, பாவம்.

அப்போ மேஸ்திரி பெரிய பெரிய மரமா வண்டியில கொண்டாந்து நட்டாரு. குளிர் வந்துச்சு, இலையெல்லாம் பொலபொலபொலன்னு கொட்டிடுச்சு. வீடு பளிச்சுன்னு தெரியுது.

அப்புறம் மண்ணைக் கொட்டிக் குன்று கட்டினாரு. மழை சோன்னு பேஞ்சுது. குன்று சொதக்குன்னு உக்காந்துடுச்சு.

அப்புறம் ஏரி வெட்டினாரு. தண்ணி பளபளன்னு மின்னினா யாரு கண்ணும் வீட்டுப் பக்கம் போகாதாம். மறுநாள் துரை ஜன்னலைத் திறந்தாரு. கரையில ஒரு வீடு, தண்ணிக்குள்ள தலைகீழா இன்னொரு வீடு! நடுவுல பெட்ஸியோட வாத்தெல்லாம் க்வாக் க்வாக்னு நீச்சல். "ஒண்ணா இருந்ததை ரெண்டாக்கிட்டியேய்யா!"ன்னு துரை குதிச்சாரு. "நாளைக்கு விருந்து முடியட்டும், இடிச்சுத் தள்ளு!"

ம் எங்கே? தூங்கிட்டியா? இல்லையா? திருட்டு முழி.

விருந்துக்குப் பட்டணத்துலேருந்து ஒரு சீமாட்டி வந்தாங்க, ராணிக்கே சொந்தமாம். பெட்ஸியும் சமையக்கட்டுக்கு முட்டை கொடுக்க வந்தவ, தோட்டத்து ஓரமா நின்னா. அப்போ சீமாட்டி ஏரியைப் பாத்தாங்க. "அடடா! அந்தக் குட்டி வீட்டை அங்க வைக்கணும்னு யாருக்குத் தோணுச்சு? தோட்டத்துக்கே உயிர் அதுதான்!"

துரை மேஸ்திரியைப் பாத்தாரு, மேஸ்திரி வானத்தைப் பாத்தாரு. துரை தொண்டையைச் செருமிக்கிட்டு, "ஹி ஹி, எல்லாம் நம்ம யோசனைதான்"னாரு.

பெட்ஸி விடுவாளா? விடுவிடுன்னு முன்னால வந்தா. "துரை, நீங்க வச்ச வீடு ஒழுகுதுங்க. கூரையை எப்போ மாத்தித் தர்றீங்க?"

"ஐயய்யோ, உடனே மாத்துங்க!"ன்னாங்க சீமாட்டி. துரை என்ன பண்ணுவாரு, தலையை ஆட்டினாரு.

கூரை மாத்தியாச்சு, பெட்ஸியும் நிம்மதியா காலை நீட்டிப் படுத்தாச்சு. கதையும் அவ்வளவுதான், நீயும் கண்ணை மூடு.