புலியிடம் சொல்லாமல் வந்த நஞ்சப்பன்

கும்பப்பாளையத்துக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் உள்ள கோளாறே அதுதான்.

அந்த ஊர் நஞ்சப்பனுக்கு ருக்கு என்ற பெண்ணின் மேல் உயிர். காட்டிலாகாவில் வாட்சர் வேலை வாங்கி, காக்கிச் சட்டையோடு வந்து நின்றால்தான் பெண் தருவேன் என்று அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். மலையில் புலி இருக்கிறதா என்று பார்க்க வந்த ரேஞ்சர் மேடமோ, ஒரே ஒரு புலிப் படம் கிடைத்தால் வேலை உனக்குத்தான் என்றார். அன்றிலிருந்து பையனுக்குச் சோறு இறங்கவில்லை, பாவம்.

துணைக்கு அவன் கூட்டாளிகள் சென்னியப்பனும் பொன்னானும் கிளம்பினார்கள். மேடம் ஒரு கேமராவைக் கொடுத்தார். எதிரே எது அசைந்தாலும் அது தானாகவே படம் பிடித்துவிடும். ஓடைக்கரை மரத்தில் முழங்கால் உயரத்தில் கட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, அடிவாரத்தில் ஜீப்பிலேயே உட்கார்ந்துகொண்டார்.

மரத்தடியில் பஞ்சாயத்து ஆரம்பித்தது. யாருடைய முழங்கால்? சென்னியப்பன் நெட்டை, பொன்னான் குட்டை.

"வேலை ஆருக்கு? நஞ்சப்பனுக்கு. அப்போ முழங்காலும் அவனுதுதான்" என்று தீர்ப்புச் சொன்னான் சென்னியப்பன். மூவரில் அவன்தான் விவரமானவன்.

நஞ்சப்பன் கட்டக் குனிந்தான். குனிந்ததும் முழங்கால் மடங்கிக் கீழே இறங்கிவிட்டது. உயரம் தப்பினால் வேலை போயிற்றே! அவனை விறைப்பாக நிற்கவைத்து, காலையும் கேமராவையும் மரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். பிறகு காலை உருவியபோது வேட்டி மரத்தோடு நின்றுவிட்டது. கோடு போட்ட பட்டாபட்டி டவுசரோடு கேமராவைக் கும்பிட்டு, "போயிட்டு வர்றோமுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தான். எங்கே போனாலும் சொல்லிக்கொண்டு கிளம்புவது அந்த ஊர் வழக்கம்.

பாதி வழியில் சென்னியப்பன் நின்றான். வருகிறோம் என்று சொன்னோமே, போகாவிட்டால் வார்த்தை என்ன ஆவது? மூவரும் திரும்பிப் போய்த் தலையைக் காட்டினார்கள். கிளம்பும்போது மறுபடியும் சொல்லவேண்டியதாயிற்று. பேசாமல் போறோம் என்று சொல்லிவிடலாமே என்றான் பொன்னான். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் என்ன பேச்சு இது என்று மற்ற இருவரும் அவன் வாயைப் பொத்தினார்கள்.

இப்படியே போவதும் வருவதுமாகப் பொழுது சாய்ந்தது. கடைசியில் மேடமே பொறுமை இழந்து மேலே ஏறி வந்துவிட்டார். வந்த வேகத்தில் கேமராவை அவிழ்த்துக்கொண்டு மூவரையும் ஜீப்புக்கு இழுத்து வந்தார்.

முதல் படத்தில் வரிவரியாக ஏதோ தெரிந்தது. புலியேதான் என்று மேடம் துள்ளினார். பெரிதாக்கிப் பார்த்தால் நஞ்சப்பனின் டவுசர். அடுத்ததும் டவுசர். அதற்கடுத்ததும் அதே டவுசர்தான். ருக்குவுக்கு வேறு மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்று நினைத்து நஞ்சப்பன் அழுதேவிட்டான்.

கடைசிப் படத்தில் மூவரும் வரிசையாக நடக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே ஒரு புலியும் நடக்கிறது.

இது பின்னால் வந்ததுகூடவா தெரியவில்லை என்று மேடம் கேட்டார்.

"ஆரோ வர்ற மாதிரி இருந்துச்சுங்க. நம்மள மாதிரி அவங்களும் சொல்லிக்க வந்திருப்பாங்கன்னு உட்டுட்டோம்" என்றான் பொன்னான்.

எப்படியோ புலி கிடைத்துவிட்டது. மேடம் சொன்ன சொல் தவறாமல் காக்கிச் சட்டையை எடுத்து அங்கேயே மாட்டிவிட்டு, ஜீப்பில் ஏறச் சொன்னார். நஞ்சப்பன் ஏறவில்லை. பட்டாபட்டிக்கு மேல் காக்கியோடு மலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேலையே அவராலதானுங்க வந்துச்சு. அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்காம வந்துட்டமே. போயிட்டு வர்றேனுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று மலையேறினான்.

மேடம் அலறினார். சென்னியப்பன்தான் சமாதானம் சொன்னான்.

"பயப்படாதீங்க மேடம். உங்ககிட்டப் போயிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கான், வந்துருவான். புலிகிட்டயும் அதையேதான் சொல்லுவான், திரும்பப் போயிருவான். உங்களுக்கும் புலிக்கும் கொறை வைக்கமாட்டானுங்க."